குட்டையனின் கம்மல்

சபீனா அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி சித்தப்பாவின் போனில்தான் வந்தது. காய்ச்சல் முற்றி, தேனி ஆஸ்பத்திரியில். "பாவம், சின்ன வயசு" என்றார் சித்தப்பா. உடனே திரும்பி ஆட்டுக் கொட்டகையைப் பார்த்தார். ஒருவர் செத்த செய்தி கேட்டதும் எதற்குக் கிடாக்களைப் பார்க்க வேண்டும்? அப்போதே எனக்கு உறுத்தியது.

ஆட்டு ஆராய்ச்சியில் அக்காவோடு வேலை பார்த்த நீங்கள் அவருக்கு நினைவு மலர் போடுவதாகவும், பழகியவர்கள் எழுதலாம் என்றும் சொல்லியிருந்தீர்கள். எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். அச்சிடும்போது என் ஊரை எடுத்துவிடுங்கள். என் பெயரை நானே எழுதவில்லை. அப்பா கேரளாவில் ஏலத்தோட்ட வேலையில் இருக்கிறார். அம்மாவும் நானும் ஜெயமங்கலத்தில் சித்தப்பா வீட்டில்தான் சாப்பிடுகிறோம்.

முதல் நாள் அக்கா எங்கள் கொட்டகையில் ரத்தம் எடுத்தபோது ஊரே வந்து நின்றது. "ஆட்டு ரத்தத்தில் ஒரு குறி இருக்கும். கொஞ்சமாகத் தின்று நன்றாக வளரும் ஆட்டை அதை வைத்துக் கண்டுபிடிக்கலாமா என்று பார்க்கிறோம்" என்று விளக்கினார். ஊர்க்காரர்கள் காதில் குறி என்ற சொல் மட்டும் விழுந்தது. மறுநாள் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் வெற்றிலையோடு வந்துவிட்டார்.

"ஏத்தா, குறி சொல்றாகளாம்ல. எம் மகளுக்கு எப்பக் கல்யாணம் கூடும்னு கேளு."

அக்கா சிரிக்காமல் சொன்னார். "மக எவ்வளவு திங்கிறா, எவ்வளவு எடை கூடுறா, அது மட்டுந்தான் எனக்குத் தெரியும்மா."

"அதுதான் ஊருக்கே தெரியுமே" என்று பேச்சியம்மாள் வெற்றிலையைத் தானே போட்டுக்கொண்டு போனார்.

ஒவ்வொரு கிடாவையும் தனித்தனியாக அடைத்து, வைத்த தீவனத்தையும் மீந்த தீவனத்தையும் அக்கா நிறுத்தார். குட்டையன் என்று நான் கூப்பிடும் கறுப்புக் கிடா எப்போதும் தொட்டியில் மிச்சம் வைத்தது. "தின்னாத ஆடு சீக்கு ஆடு" என்றார் சித்தப்பா. அவருக்குப் பெரிய செவலைக் கிடாதான் பெருமை. தொட்டியை நக்கித் துடைத்துவிடும். பார்க்க வருகிறவர்கள் அதைத்தான் தடவிக் கொடுப்பார்கள். ஆனால் எடை மிஷினில் ஏற்றினால் இரண்டும் ஒரே அளவுதான் கூடியிருந்தன. "தின்னு காட்டுறவன நம்பாத புள்ள. தின்னது எங்க போச்சுன்னு பாரு" என்றார் அக்கா.

ரத்தச் சோதனையிலும் குட்டையனிடம் அந்தக் குறி இருந்தது. அக்கா அப்போதும் முழுதாக நம்பவில்லை. "ஒத்த ஆட்ட வச்சு முடிவு கட்டக்கூடாது. இவன் குட்டிக பிறந்து, அதுகளும் கம்மியாத் தின்னு வளரணும். அப்பத்தான் சொல்லுவேன்." தன் முடிவையே சந்தேகப்பட்ட ஒருவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

உத்தமபாளையத்தில் அக்காவை அடக்கம் செய்த அன்று சித்தப்பாவும் போனார். திரும்பி வந்து, "தங்கமான பிள்ள" என்று அம்மாவிடம் கண்ணைத் துடைத்தார். மறுநாள் காலை தண்ணீர் வைக்கப் போனேன். செவலைக் கிடாவின் காதில் ரத்தம் காய்ந்திருந்தது. நீங்கள் எண் போட்டு மாட்டிய காதுவில்லையை நாங்கள் கம்மல் என்போம். குட்டையனின் கம்மல் செவலையின் காதில், மெல்லிய கம்பியால் கட்டித் தொங்கியது. குட்டையன் காதில் கிழிந்த ஓட்டைதான் இருந்தது. செவலையின் சொந்தக் கம்மலைக் காணவில்லை.

"சித்தப்பா, கம்மல் மாறிக் கெடக்கு."

"மாறல. நீ பாக்கல" என்றார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பிறகு அம்மாவிடம், "உம் மகளுக்குக் கண்ணு சரியில்ல போல. பள்ளிக்கூடத்த நிப்பாட்டிருவமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அம்மா என்னைப் பார்க்காமல் சோறு போட்டாள். அவளுக்கும் தெரியுமோ என்று அன்றிலிருந்து நினைக்கிறேன்.

சோதனையில் தேறிய கிடா என்று செவலையை இனவிருத்திக்குக் கொடுக்கப் பேச்சு நடக்கிறது. குட்டையன் வீரபாண்டித் திருவிழா விருந்துக்கு என்று முடிவாகிவிட்டது. அவன் இலைக்கு வந்துவிட்டால், அக்கா காத்திருந்த குட்டிகள் பிறக்கப்போவதில்லை. செவலையின் குட்டிகளை நிறுத்துப் பார்த்துவிட்டு, அக்காவின் கணக்குதான் தப்பு என்று நீங்களே சொல்வீர்கள்.

அதனால் திருவிழாவுக்கு முன் வாருங்கள். யாரோ எழுதினார்கள் என்று சொல்லாதீர்கள். மறுசோதனை என்று மட்டும் சொல்லுங்கள். கம்மலை நம்பாமல் இரண்டு கிடாவுக்கும் புதிதாக ரத்தம் எடுங்கள். முதலில் எடுத்த ரத்தம் உங்களிடம்தான் இருக்கிறது.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தச் சந்தேகமும், ஒரு கைப்பழக்கமும். ஊசியைக் கண்டால் குட்டையன் முட்டுவான். இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நிறுத்தி, இடது உள்ளங்கையால் கண்ணை மூடினால் அசையமாட்டான். நீங்கள் வரும்போது நான் ஒன்றும் பேசமாட்டேன். வந்து அவனைப் பிடித்துக்கொள்வேன்.