சிலுவை வேண்டாம் என்று சொன்ன நாள்

அணுபுரம் அணுசக்தி ஊழியர் குடியிருப்பில் வாழ்ந்து, பணி ஓய்வு பெற்றுச் செங்கல்பட்டில் குடியேறியவன் நான். என் மனைவி ரெஜினாவுக்குப் புற்றுநோய் குணமாக வேண்டும் என்று ஏழு மாதங்கள் உபவாசமிருந்து ஜெபித்தேன். அவள் இறந்துவிட்டாள். அடக்கத்திற்குப் பிறகு என்னால் ஒரு வார்த்தைகூட ஜெபிக்க இயலவில்லை. ஆலயத்திற்குப் போவதையும் நிறுத்திவிட்டேன்.

கல்லறைக் கல்லுக்காக மாமல்லபுரத்தில் ஒரு கல் பட்டறைக்குச் சென்றேன். பெயரையும் தேதிகளையும் எழுதிக் கொடுத்து, "சிலுவை வேண்டாம், வசனமும் வேண்டாம்" என்றேன்.

சிற்பி தாமோதரன் உளியைக் கீழே வைத்தார். "இன்னா சார், உங்க ஆளுங்க அதான மொதல்ல கேப்பாங்க? அம்மா சர்ச்சுக்குப் போவ மாட்டாங்களா?"

"தவறாமல் போவாள். பேச்சு நின்ற பிறகும் கைகூப்பியபடிதான் கிடந்தாள்."

"அப்போ சாமி மேல கோவம் உங்களுக்குத்தான், அவங்களுக்கு இல்ல. இது அம்மா கல்லு சார். உங்க கல்லுக்கு வேணாம்னு எழுதி வெச்சிட்டுப் போங்க, அப்டியே செஞ்சித் தரேன்."

எனக்குச் சினம் மூண்டது. அடுத்த கணமே அவர் சொன்னது உறைத்தது. என் துயரத்தின் பெயரால் அவளுடைய விசுவாசத்தை அழிக்கவிருந்தேன். அங்கிருந்த பலகையில் அமர்ந்து, அதே காகிதத்தில் என் கையாலேயே சிலுவையை வரைந்து கொடுத்தேன்.

துயரம் சற்றும் குறையவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் மீண்டும் ஆலயத்திற்குப் போகிறேன். முன்பெல்லாம் அழகாக ஜெபித்தவன், இப்போது "ஆண்டவரே, ஏன்?" என்று மட்டுமே கேட்கிறேன். பதில் இல்லை. எனினும் கேட்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு அவரைத் தவிர வேறு யாரும் இல்லை.