பல்லக்காவும் கடிபட்ட சாக்லேட்டும்

தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். பல் எடுப்பாக இருந்ததால் அல்ல. பல்செட்டு செய்வது அவள் தொழில். முன்னறையில் ஒரு மேசை, ஒரு சிறு மோட்டார், சுவரோரம் அலமாரி. அலமாரி முழுக்க வெள்ளை பிளாஸ்டர் மாவில் வார்த்த தாடைகள். முதல்முறை வருகிறவர்கள் வாசலிலேயே தயங்கி நிற்பார்கள். “உள்ள வாங்க, அதெல்லாம் கடிக்காது. நான்தான் கடிப்பேன்” என்பாள்.

கடைத்தெருவில் அவளைப் பார்த்துச் சிரித்தவர்களில் பாதிப் பேர் அவள் செய்த பல்லைக் காட்டித்தான் சிரித்தார்கள். அதில் அவளுக்கு உள்ளூரக் கர்வம். அந்தக் கர்வத்துக்கு வீட்டுக்குள்ளேயே ஆப்பு வைத்தவர் அவளுடைய மாமனார்.

அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கடைசிப் பல்லும் விழுந்தபிறகு பல்லக்கா அவருக்கு ஒரு செட்டு செய்து கொடுத்தாள். முன்பற்களுக்கு நடுவே அவருக்கு இயல்பாக இருந்த சின்ன இடைவெளியைக்கூட அப்படியே வைத்து, பார்த்துப் பார்த்துச் செய்தது. கிழவர் அதை ஒரே ஒரு நாள் போட்டார். பிறகு அது தண்ணீர் டம்ளருக்குள் இறங்கி, குளியலறை மாடத்தில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

“பல்லைப் போடுங்க மாமா.”

“இந்த வயசுல பல்லு எதுக்கும்மா? யாரைக் கடிக்கப் போறேன்?”

பாலில் ஊறிய ரொட்டி, மசித்த உருளைக்கிழங்கு, மறுபடி பாலில் ஊறிய ரொட்டி. மனிதர் இளைத்துக்கொண்டே வந்தார். அடுத்த வீட்டுத் தையல்காரி, “ஊருக்கெல்லாம் பல்லு, உங்க வீட்ல மட்டும் பொக்கை வாயா?” என்று கேலி செய்தாள். அதையாவது துடைத்துப் போட்டுவிடலாம். “மென்னு சாப்பிட வைங்க. இப்படியே போனா எழுந்து நடக்கக்கூடத் தெம்பு இருக்காது” என்று டாக்டர் சொன்னதைத்தான் பல்லக்காவால் துடைத்துப் போட முடியவில்லை.

கெஞ்சிப் பார்த்தாள். மிரட்டிப் பார்த்தாள். கிழவர் அசையவில்லை. கடைசியில் குறுக்கு வழியில் இறங்கினாள்.

கிழவரின் பலவீனம் வேர்க்கடலை. பஸ் ஓட்டிய காலத்தில் சட்டைப்பையில் ஒரு பொட்டலம் இல்லாமல் அவர் வண்டியை எடுத்ததே கிடையாது. எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்லக்கா வேண்டுமென்றே வீட்டுக் கதவு ஜன்னல்களைச் சாத்திவிட்டு, வெண்ணெயும் சர்க்கரையும் குழைத்து, வேர்க்கடலையை அரைத்த பீனட் பட்டரை அள்ளிப் போட்டு, முட்டையும் மைதாவும் சேர்த்துத் தட்டில் பரப்பி ஓவனில் வைத்தாள். ஓரம் பொன்னிறமானதும் வெளியே எடுத்து, சூட்டோடு மேலே சாக்லேட் துண்டுகளைத் தூவினாள். அவை தாமாக உருகி வழிய, பல்செட்டு வேலைக்கென்று வாங்கி இன்னும் தொடாத புது மெழுகுக் கத்தியால் கண்ணாடி போல் இழைத்தாள். வாசனை நேராகக் கிழவரின் அறைக்குள் போய் உட்கார்ந்தது.

“எனக்கு ஒண்ணு எடுத்து வை” என்றான் அவள் கணவன்.

“உங்களுக்கு உண்டுங்க. மாமாவுக்குத்தான் முடியாது. பாவம், பல்லில்லாதவர் எப்படிச் சாப்பிடுவார்?” என்றாள், மூன்று வீடு தள்ளிக் கேட்கும் குரலில்.

“உன் பலகாரத்தை எவன் கேட்டான்!” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

மறுநாள் ஃபிரிட்ஜைத் திறந்தபோது ஓரத்துத் துண்டில் சாக்லேட்டை மட்டும் காணோம். யாரோ நக்கித் துடைத்துவிட்டு, கீழ்ப்பாதியை ஒழுங்காகப் பழைய இடத்திலேயே வைத்திருந்தார்கள்.

“எலியா இருக்கும்” என்றார் கிழவர், செய்தித்தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

“ஃபிரிட்ஜைத் திறந்து மூடுற எலியா மாமா?”

“படிச்ச எலியா இருக்கும்.”

பல்லக்கா அடுத்த தட்டைச் செய்தாள். இந்த முறை ஒன்றிரண்டாக உடைத்த வறுத்த கடலையை மாவிலும் கலந்து, சாக்லேட்டின் மேலும் அழுத்திப் பதித்தாள். நக்கினால் கடலைதான் நாக்கைக் கீறும். ருசி வேண்டுமென்றால் கடித்துத்தான் ஆகவேண்டும்.

எலி கடித்தது.

கடித்த மிச்சத்தைக் கையில் எடுத்தபோது அவளுக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. சாக்லேட்டின் மேல், முன்பற்களுக்கு நடுவே அந்தச் சின்ன இடைவெளி அச்சாகப் பதிந்திருந்தது. அவள் கை வேலையேதான். வெற்றியோடு அதை முன்னறை விளக்கடியில் கொண்டுபோய்ப் பிடித்தாள். பிடித்ததும் முகம் மாறியது.

வலப்பக்கம் பற்கள் அடிவரை இறங்கியிருந்தன. இடப்பக்கம் லேசாகத் தொட்டுவிட்டு விலகியிருந்தன. பசியோடு கடிக்கிற மனிதன் அப்படிக் கடிக்க மாட்டான். வலிக்கிற மனிதன்தான் அப்படிக் கடிப்பான்.

கிழவர் குளிக்கப் போகும் வரை காத்திருந்தாள். தலையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. குளியலறையிலிருந்த டம்ளர் இப்போது அவருடைய கட்டிலுக்கடியில் இடம் மாறியிருந்தது. திருட்டுக்கு வசதியாக இருக்கட்டுமென்று அவரே மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். கீழ்ச்செட்டை எடுத்து உட்புறம் விரலை ஓட்டினாள். இடது ஓரத்தில், ஈறில் அழுந்தும் இடத்தில், கடுகளவு ஒரு மேடு விரலில் நெருடியது. வெளிப்பக்கத்தை நாலு பேர் மெச்சும்படி பளபளக்க வைத்தவள், உள்பக்கத்தைக் கோட்டை விட்டிருந்தாள்.

யார் பல் வாங்கினாலும், “ஒரு வாரம் போட்டுட்டு வாங்க, எங்க குத்துதுன்னு சொல்லுங்க” என்று விரட்டி விரட்டிச் சொல்கிறவள் அவள். வீட்டு மனிதரிடம் மட்டும் அதைக் கேட்கவே இல்லை. போடுங்க, போடுங்க என்று நச்சரித்ததோடு சரி.

மோட்டாரை ஓட்டினால் கேட்டுவிடும். சின்ன அரத்தால் ராவி, மெருகேற்றி, கழுவி, டம்ளரில் போட்டு, கிழவர் தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள் கட்டிலுக்கடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தாள்.

“அங்க என்னம்மா தேடுற?”

“எலியைத்தான் மாமா.”

அன்று மாலை கிழவர் தாமாகவே சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தார். வாயில் பல் இருந்தது. கன்னம் நிமிர்ந்து, ஆளே நாலு வயது குறைந்தவர்போல் இருந்தார். கையை நீட்டினார். பல்லக்கா அதில் ஒரு துண்டை வைத்தாள். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, நிதானமாக, சத்தம் வர மென்றார்.

“குத்தலையே” என்றார்.

“குத்துதுன்னு அன்னைக்கே சொல்றதுக்கென்ன மாமா?”

கிழவர் மேசை விரிப்பின் நுனியை நீவிவிட்டார். “ஊரெல்லாம் என் மருமக செஞ்ச பல்லுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். அப்புறம் உன்கிட்ட வந்து எப்படிம்மா நொட்டை சொல்றது? நாக்கு எழல.”

பல்லக்கா சட்டென்று பாத்திரம் கழுவும் தொட்டி பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏற்கெனவே கழுவிய தட்டை எடுத்து மறுபடி கழுவினாள். “இனிமே சொல்லுங்க. எது சரியில்லைன்னாலும் சொல்லுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.”

“நிஜமாவா?”

“நிஜமாத்தான்.”

கிழவர் இன்னொரு கடி கடித்து, கண்ணை மூடி யோசித்தார்.

“அப்படின்னா சொல்றேன். இதுல உப்பு பத்தல. சாக்லேட் ரொம்பத் தடிமன். துண்டு போட்டது கோணல். அடிப்பக்கம் ஒரு இழை கருகியிருக்கு. போன தட்டு இதைவிட நல்லா இருந்துச்சு.”

பல்லக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மீதித் துண்டுகளைத் தட்டோடு அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

“இன்னும் சொல்லுங்க மாமா” என்றாள்.