டார்ச் பல்பும் என் மகளின் தொண்டையும்

சென்ற மழைக்காலத்தில் அடிக்கடி என் மகளின் தொண்டை உண்மையிலேயே சிவந்திருந்ததா, அல்லது எனக்கு மட்டும் அப்படித் தெரிந்ததா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. சரிபார்த்துக்கொள்ள வழியும் இல்லாமல் போய்விட்டது.

அவளுக்கு ஐந்து வயது. யுகேஜி படிக்கிறாள். மழை தொடங்கியபோது இரண்டு முறை காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தன. செஞ்சியில் நாங்கள் வழக்கமாகக் காட்டும் டாக்டரம்மா, டான்சில் வீங்கியிருக்கிறது என்று மருந்து கொடுத்தார். "அடிக்கடி வருதான்னு கவனிச்சுக்கோம்மா" என்றார். எப்படிக் கவனிப்பது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். நானாகவே ஒரு முறையை ஏற்படுத்திக்கொண்டேன். தினமும் காலையில் பல் துலக்கியதும் அவளைக் குளியலறை வாசலில் நிறுத்தி, ஸ்பூனால் நாக்கை அழுத்தி, டார்ச் அடித்துப் பார்ப்பேன். சிவப்பாகத் தெரிந்தால் நோட்டில் தேதி போட்டு 'சிவப்பு' என்று எழுதுவேன். காய்ச்சலும் இருந்தால் அதையும் பக்கத்தில் குறிப்பேன்.

செல்போன் வெளிச்சம் சரிப்படவில்லை. போனைக் கையில் எடுத்தாலே வீடியோ கேட்டு வாயை மூடிக்கொள்வாள். அதனால் சிங்கவரத்தில் மாமனார் வீட்டிலிருந்து வந்த இரண்டு செல் டார்ச்தான். மஞ்சள் வெளிச்சம், குழந்தைக்குக் கண் கூசாது. செல் இறங்க இறங்க அந்த மஞ்சள் மங்கி, அடுப்புத் தணல் நிறத்துக்கு வந்துவிடும். எரிகிறதே என்று நானும் செல் மாற்றுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

'சிவப்பு' என்று எழுதிய நாட்களில் அவளுக்குத் தயிர் கிடையாது, தலைக்குக் குளியல் கிடையாது, சில நாள் பள்ளிக்கூடமும் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குப் போனபோது, அடிவாரத்தில் மற்ற பிள்ளைகள் குச்சி ஐஸ் சாப்பிட்டார்கள். இவளுக்கு நான் ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தேன். அவள் அழவில்லை. "எனுக்கு செவப்பு" என்று அந்தப் பிள்ளைகளிடம் பெரிய மனுஷி மாதிரி சொன்னாள்.

பொங்கல் முடிந்து டாக்டரம்மாவிடம் போனபோது, இதுவரை எத்தனை தடவை வந்தது என்று கேட்டார். நான் நோட்டைப் புரட்டி எண்ணி, "பதினொண்ணு" என்றேன்.

"அவ்ளோவா? அப்ப ஆபரேஷன் பண்ணி எடுக்கறத பத்தி யோசிக்கணும்."

விழுப்புரத்தில் உள்ள காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டச் சொல்லிக் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஐந்து வயதுப் பிள்ளைக்கு மயக்க மருந்து என்பதை நினைக்கவே பயந்தேன். ஒழுங்காகக் கவனித்து எழுதி வைத்தேனே என்ற திருப்தியும் கூடவே இருந்தது. அதை மறைத்து என்ன பயன்.

விழுப்புரம் போக வேண்டிய வாரத்தில் டார்ச் எரியவில்லை. கூட்டு ரோட்டுப் பக்கம் உள்ள எலக்ட்ரிக்கல் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் கழற்றிப் பார்த்தார்.

"பல்பு பூட்டுதும்மா, உள்ள கம்பி அறுந்துபோச்சு."

"அதே மாதிரி ஒண்ணு குடுங்கண்ணா."

"அதெல்லாம் இப்ப வர்றதே இல்ல. இதே மரைல எல்இடி இருக்குது, போட்டுத் தர்றேன்."

புதிய பல்பைத் திருகிப் பொத்தானை அழுத்தினார். எரியவில்லை.

"இன்னாண்ணா, டார்ச்சே போச்சா?"

"அதுக்குள்ள டென்ஷனா? பழைய பல்பு, செல்ல எப்படிப் போட்டாலும் எரியும். இது ரோஷக்காரப் பல்பும்மா. நீ தலைகீழா போட்டு வெச்சிருக்கிற."

புது செல் இரண்டையும் சரியான பக்கம் பார்த்துப் போட்டார். கடைச் சுவரில் வெள்ளை வட்டம் விழுந்தது.

மறுநாள் காலை அந்த வெளிச்சத்தில் மகளின் தொண்டை இளஞ்சிவப்பாக, ஈரமாக, சாதாரணமாக இருந்தது. சரியாகிவிட்டது என்று மனம் குளிர்ந்தது. அப்புறம்தான் என் கையிலிருந்த ஸ்பூனைக் கவனித்தேன். பழைய டார்ச் அடிக்கும்போதெல்லாம் அந்த எவர்சில்வர் ஸ்பூன் பித்தளை மாதிரி மின்னும். இப்போது எவர்சில்வராகவே இருந்தது. ஸ்பூனைப் பித்தளையாக்கிய வெளிச்சம் தொண்டையை என்ன செய்திருக்கும்?

என் வீட்டுக்காரர் முகச் சவரம் செய்துகொண்டிருந்தார்.

"ஏங்க, கொஞ்சம் வாயத் தொறங்க."

"இன்னாத்துக்கு? நேத்து சாம்பார்ல உப்புன்னு சொன்னேனே, அதுக்கா?"

மகளுக்கு ஒரே சிரிப்பு. "நைனா, ஆ சொல்லு! நாக்க நல்லா நீட்டு!"

அவருடைய தொண்டையும் அதே நிறம். நோயில்லாத தொண்டை எப்படி இருக்கும் என்று அன்றுதான் முதல் முறையாகப் பார்க்கிறேன். பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு தொண்டை இல்லாமலே அத்தனை நாள் எழுதியிருக்கிறேன்.

பழைய மாதிரி பல்பு ஒன்று கிடைத்தால் அதே தொண்டையை இரண்டு வெளிச்சத்திலும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. செஞ்சியில் மூன்று கடை ஏறினேன். அவலூர்பேட்டையில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் அங்கேயும் விசாரித்தார். கிடைக்கவில்லை. இதற்கு நடுவே, வெள்ளை வெளிச்சம்தான் சிவப்பை வெளுத்துக் காட்டுகிறதோ என்ற சந்தேகமும் எனக்கு வந்துவிட்டது.

நோட்டை மறுபடி எடுத்து, காய்ச்சல் அடித்த நாட்களை மட்டும் எண்ணினேன். நான்குதான். மற்ற ஏழும் டார்ச்சை மட்டும் நம்பி எழுதியவை.

விழுப்புரம் போவதற்கு முன், நோட்டையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடமே திரும்பப் போனேன். படித்த பெண் இப்படிச் செய்யலாமா என்று திட்டுவார் என எதிர்பார்த்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. மகளை ஜன்னல் பக்கம் நிறுத்தி, பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, தன் விளக்கில் ஒருமுறை பார்த்தார்.

"டார்ச்சுல பாத்து எழுதனதெல்லாம் கணக்குல வேணாம்மா. மூணு மாசம் பொறுத்துப் பாப்போம், விழுப்புரம் அப்புறம். காய்ச்சல் வந்தாலோ, சாப்பாடு முழுங்க முடியலன்னாலோ உடனே கூட்டிட்டு வா. அதுவரைக்கும் நீயா தினமும் அவ வாயத் தொறந்து பாக்காத."

பதினாறு நாட்கள் ஆகின்றன. காய்ச்சல் இல்லை. தயிர் சாதம் சாப்பிடுகிறாள். ஆனால் பல் துலக்கியதும் பழக்கத்தில் என் முன்னால் வந்து வாயைத் திறந்து நிற்கிறாள். "பாக்க வேணாம், போ" என்றால் முகம் வாடிவிடுகிறது. நேற்று இரண்டு முறை இருமினாள். டார்ச்சை எடுத்துவிட்டு, திரும்ப வைத்தேன். பார்த்தால் நான் நிச்சயம் எதையாவது கண்டுபிடித்துவிடுவேன். பார்க்காவிட்டால் எதையாவது தவறவிட்டுவிடுவேனோ என்றும் இருக்கிறது.

பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள். பார்க்காமல் நீங்கள் எப்படி இருந்தீர்கள்? திறந்த வாயோடு நிற்கும் குழந்தையிடம் காலையில் என்ன சொல்லி அனுப்புவது? இரண்டு வரி எழுதினாலும் எனக்குப் போதும்.