காற்றாலை உச்சியில் கேட்ட குரல்

அழகேசனுக்குச் சொந்த ஊர் ஆரல்வாய்மொழி. கணவாய்க் காற்று ஆளைத் தள்ளும் ஊர். படிப்பு முடிந்ததும் ஒரு மின் நிறுவனத்தில் சேர்ந்தார். காற்றாலைக் கோபுரங்களில் ஏறிப் பழுது பார்ப்பதே பிழைப்பானது.

ஓர் ஆடி மாதப் பிற்பகலில், கோபுர உச்சியிலுள்ள இயந்திர அறையில் வழுக்கி விழுந்தார். வலது கால் இரும்புச் சட்டங்களுக்கு இடையே மாட்டி முறிந்தது. கூட வந்த பிரசன்னா உதிரி பாகம் எடுக்கக் கீழே போயிருந்தான். காற்றின் இரைச்சலில் கத்தினாலும் அவனுக்குக் கேட்காது; போன் அடித்தும் அவன் எடுக்கவில்லை. அழகேசன் கைபேசியில் கட்டுப்பாட்டு அறையை அழைத்தார். அது இருந்தது மாநிலத்தின் மறுகோடியில், அம்பத்தூர் எஸ்டேட்டில்.

“காலு ஒடிஞ்சு போச்சும்மா. எந்திக்க முடியல.”

“பயப்படாதீங்கண்ணே, நான் நஜ்மா. லைன்லயே இருங்க, கட் பண்ணாதீங்க.”

இன்னொரு தொலைபேசியில் அவள் துணைமின் நிலையத்துக்கும் மீட்புக் குழுவுக்கும் தகவல் சொன்னாள். கயிறும் ஸ்ட்ரெச்சருமாக ஆட்கள் மேலே வர நேரமாகும். அழகேசனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது; பேச்சு குழறியது.

“அண்ணாத்தே, கண்ண மூடாத! ஊட்ல யாரு கீறாங்க?”

“சரசா... என் வீட்டுக்காரி.”

“சரசாக்கா மீன் கொழம்பு எப்டி வெப்பாங்க, சொல்லு.”

“தேங்கா அரைச்சு, மாங்கா போட்டு...”

“மாங்காவா? எங்க பூந்தமல்லில புளிதான்!”

மாங்காயா புளியா என்று இருவரும் வாதாடிக்கொண்டிருக்கும்போதே பிரசன்னா ஆட்களோடு ஏறி வந்துவிட்டான்.

எலும்பு கூடியது. ஏணி ஏறும் வலு மட்டும் திரும்பவில்லை. இனி வேலை இல்லை என்றே சரசா அழுதாள். நிறுவனம் அவரைக் கைவிடவில்லை. அம்பத்தூர் கட்டுப்பாட்டு அறைக்கே மாற்றியது. பக்கத்திலேயே மேனாம்பேட்டில் வாடகைக்கு ஃபிளாட் பிடித்துக் குடிவந்தார்கள்.

முதல் நாள் அவரைப் பார்த்ததும் ஒரு பெண் நாற்காலியை விட்டு எழுந்து வந்தாள்.

“இன்னா அண்ணாத்தே, கால் எப்டி கீது?”

முகத்தைப் பார்க்கும் முன்பே குரல் யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

நாளைக்குத் தெற்கே காற்று எப்படி வீசும், ராமநாதபுரத்துச் சூரியத் தகடுகளுக்கு மேல் மேகம் திரளுமா என்று முன்கூட்டிக் கணித்து, மாநில மின் மையத்துக்குச் சொல்வதுதான் அங்கே வேலை. தெற்கே கம்பியில் ஏறும் மின்சாரம் மாநிலத்தின் பொது மின்சாரத்தோடு கலந்துவிடும். ஏற்றிய அளவைக் கணக்கு வைத்து அம்பத்தூர் தொழிற்சாலைகள் இங்கே எடுத்துக்கொள்ளும். காற்று ஓய்ந்தால் வெயில் கைகொடுக்கும். இத்தனை வருடம் கோபுரம் ஏறியவருக்கு அந்த மின்சாரம் யாரிடம் போய்ச் சேர்கிறது என்று பார்க்க வாய்த்ததில்லை. இப்போது வேலை முடிந்து திரும்பும் வழியில் லேத் பட்டறைச் சத்தம் கேட்டால் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நடக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அழகேசனும் சரசாவும் பூந்தமல்லியில் நஜ்மாவின் வீட்டுக்குப் போனார்கள். நஜ்மாவின் கணவர் ஷவுகத் அலி வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். என்ன சொல்வது என்று பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்த சரசா, நஜ்மாவைக் கண்டதும் அழுதுவிட்டாள். அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.

“அழாதக்கா,” என்றாள் நஜ்மா. “அன்னிக்கு எனுக்கும் ரொம்ப பயமாத்தான் இருந்துச்சி. அண்ணாத்தே பதில் பேசிகினே இருந்தாரு பாரு, அதுலதான் எனுக்குத் தெகிரியமே வந்துச்சி.”

அழகேசனுக்கு அது புதுச் செய்தி. தலையைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.