நடுவட்டத்தில் நின்ற ஜொய்சி

பள்ளிக்கூடத்தில் எது நடந்தாலும் ஜொய்சியின் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். ஆறாம் தரத்துப் பையன்கள் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டால், "ஜொய்சி அக்காவக் கூப்பிடுங்க." திடீரென்று மழை வந்து காலைக் கூட்டத்தை மண்டபத்துக்குள் மாற்ற வேண்டி வந்தால், "ஜொய்சி இருக்கா, பாத்துக்குவா." பள்ளி அதிபர் செல்லசாமி சேருக்கு அது ஒரு வாய்ப்பாடாகவே ஆகிவிட்டிருந்தது.

ஹட்டனிலிருந்து பஸ் பிடித்து, தேயிலை மலைகளைச் சுற்றிச் சுற்றி ஏறினால் வருகிற பாடசாலை அது. ஜொய்சியின் அப்பா யேசுரட்ணம் பக்கத்துத் தோட்டத்து ஸ்டோரில் தேயிலை காயவைக்கும் மெஷினடியில் வேலை செய்தார். அம்மா சுகிர்தம் கொழுந்து பறித்தாள். அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து சிரேஷ்ட மாணவத் தலைவி ஆன முதல் பிள்ளை ஜொய்சிதான். சட்டையில் மாணவத் தலைவி பட்டி குத்திய அன்றைக்கு சுகிர்தம் லயம் முழுக்க லட்டு கொடுத்தாள். யேசுரட்ணம் மகளுடைய கழுத்துப் பட்டியைத் தானே ஸ்திரிக்கை போட்டு, மடிப்புக் கலையாமல் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்து கொடுத்தார்.

அதே வருடம் வலைப்பந்து அணிக்கும் அவளே தலைவி. விடியும் முன்பே எழுந்து, மற்ற பிள்ளைகள் வருவதற்குள் வாசலில் போய் நிற்பாள். பிந்தி வருகிறவர்களைப் பிடிப்பாள். இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் வரிசை பார்ப்பாள். பள்ளி விட்டதும் பயிற்சி. வீட்டுக்கு வந்து உயர்தரப் பாடங்கள். காலையில் அம்மா சுட்டுவைக்கும் ரொட்டி தொண்டையில் இறங்காமல் போனதை, சும்மா பசியில்லை என்றுதான் அவள் நினைத்தாள். படுத்தால் தூக்கம் வராமல் நாளைக்குச் செய்ய வேண்டியவை ஒவ்வொன்றாக வந்து தலைமாட்டில் உட்கார்ந்தன. அதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தாள்.

வலய மட்டப் போட்டி ஹட்டனில் நடந்தது. அரையிறுதி. ஜொய்சி விளையாடுவது சென்டர் இடத்தில். மைதானத்தின் நடுவட்டத்துக்குள் பந்தோடு நின்று, விசில் ஊதியதும் மூன்று விநாடிக்குள் கொடுத்துவிட வேண்டும். ஆறாம் தரத்திலிருந்து செய்கிற வேலை. தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் செய்வாள்.

அன்றைக்கு விசில் ஊதியது. வகுப்புத் தோழி தனுஜா இடதுபக்கம் ஓடிவந்து கையை நீட்டினாள். ஜொய்சிக்கு அவள் நன்றாகவே தெரிந்தாள். ஆனால் கைகள் பந்தை விடவில்லை. விரல்கள் மரத்துப் போயிருந்தன. நெஞ்சுக்குள் யாரோ மூட்டையை இறக்கி வைத்ததுபோல மூச்சு பாதியில் நின்றது. சுற்றி நின்றவர்கள் கத்துவது தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோலக் கேட்டது. நடுவர் மறுபடியும் விசில் ஊதிப் பந்தை எதிரணிக்குக் கொடுத்தார். ஜொய்சி வட்டத்துக்குள்ளேயே கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். தான் சாகப் போகிறோம் என்று அவள் நிச்சயமாக நம்பினாள்.

அவளைத் தாங்கி வெளியே கூட்டி வந்தார்கள். அணி தோற்றது. திரும்பி வரும் பஸ்ஸில் பின்சீட்டில் யாரோ மிக்சர் பாக்கெட்டைப் பிரித்தார்கள். அந்தச் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். இதயத்தில் எந்தக் குறையும் இல்லை, பயத்திலும் களைப்பிலும் உடம்பு இப்படிச் செய்யும், கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும், திரும்ப வந்தால் கிளினிக்குக்கு வாருங்கள் என்று டொக்டர் சொன்னார். சுகிர்தத்துக்கு அது போதவில்லை.

"ஒண்ணுமில்லன்னா புள்ள ஏன் இப்படி விழுவுது? கண்ணுபட்டிருக்கு. இந்த வெளையாட்டே வேணாம்" என்றாள். மகளைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் பங்குச் சுவாமியிடம் ஜெபம் பண்ணச் சொன்னாள். சுவாமி தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, "டொக்டர் சொன்னதையும் கேளும்மா" என்று அனுப்பினார்.

ஜொய்சி பள்ளிக்கூடம் போகவில்லை. லயத்துக் காம்பரா அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். காய்ச்சல் என்றால் மாத்திரை போடலாம், கால் முறிந்திருந்தால் கட்டுப் போடலாம். இதை என்ன பெயர் சொல்லி வெளியே காட்டுவது? எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்துவிட்டோமே என்ற நினைப்பு வரும்போதெல்லாம் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

யேசுரட்ணம் வேலைக்குப் போகும் முன் இரண்டு கோப்பைப் பிளேன்டீயோடு வந்து அவளுடைய பாய் ஓரத்தில் உட்காருவார். ஒன்றை அவள் பக்கம் தள்ளுவார். தன்னுடையதைக் குடித்து முடித்ததும், "சரி புள்ள, அப்பா போயிட்டு வாறேன்" என்று எழுந்து போவார். முதலில் அந்தக் கோப்பை அப்படியே ஆறிக் கிடந்தது. பிறகு பாதி குறைந்தது. ஒரு காலையில் அவர் வருவதற்கு முன்பே ஜொய்சி எழுந்து உட்கார்ந்திருந்தாள். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. சீனி போதுமா என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அணிப் பிள்ளைகள் எல்லோரும் லயத்துக்கு வந்து சேர்ந்தார்கள். தனுஜாவின் கக்கத்தில் பந்து. ஜொய்சி அதைப் பார்த்ததுமே பின்னால் நகர்ந்தாள்.

"வெளையாட வரல டீ. பந்த வீட்டுல வச்சா என் தம்பி ஒதச்சு ஓட்டையாக்கிருவான், அதான் தூக்கிக்கிட்டு வந்தேன்" என்றாள் தனுஜா.

உள்ளே இடம் போதாமல் சிலர் வாசற்படியில் உட்கார்ந்தார்கள். சுகிர்தம் அவித்த மரவள்ளிக்கிழங்கையும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலையும் நடுவில் வைத்தாள். பள்ளிக்கூடக் கதைகள் ஓடின. போட்டியைப் பற்றி ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அப்படி யாரும் திறக்காமலிருக்க அவர்கள் வழியெல்லாம் பேசி வைத்துக்கொண்டு வந்திருப்பது ஜொய்சிக்குப் புரிந்தது.

மற்றவர்கள் கை கழுவப் போனபோது தனுஜா மெதுவாகச் சொன்னாள். "எனக்கும் வரும்."

"என்னா வரும்?"

"அன்னைக்கு ஒனக்கு வந்தது. பரீட்ச மண்டபத்துக்குள்ள போறப்ப கை மரத்துப்போயிரும். மூச்சு வராது. கக்கூசுக்குள்ள போயி கதவச் சாத்திக்கிட்டு நிப்பேன், அடங்குற வரைக்கும்."

ஜொய்சி அவளையே பார்த்தாள். ஆறாம் தரத்திலிருந்து ஒரே மேசை. ஒரே பஸ். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒன்கிட்டயா?" தனுஜா கிழங்குத் தோலை விரலில் சுற்றிக்கொண்டே சிரித்தாள். "நீ ஹெட் பிரிபெக்ட் ஆச்சே. ஒனக்கு இதெல்லாம் என்னா வெளங்கப் போவுதுன்னு நெனச்சேன்."

அந்தச் சொல் ஜொய்சியை நன்றாகவே குத்தியது. வாசலில் நின்று நூறு பேரைப் பார்க்கிறவள், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைப் பார்க்கவில்லை. பிறகு அவளுக்கு அழுகை வந்தது. தனுஜாவுக்கும் வந்தது. கை கழுவிவிட்டு வந்தவர்கள் என்னவென்று விளங்காமலே சேர்ந்து அழுதார்கள். சுகிர்தம் அடுப்படியிலிருந்து பதறி ஓடிவந்து, "ஐயோ, கட்டச்சம்பல்ல உறைப்பு கூடிருச்சா?" என்று கேட்டாள். அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அடுத்த நாள் ஜொய்சி பள்ளிக்கூடம் போனாள். நேராக அதிபரின் அறைக்குப் போய், வலைப்பந்து அணித் தலைமையை தனுஜாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

செல்லசாமி சேர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப மாணவத் தலைவி பட்டி?"

"அத வச்சுக்கிறேன் சேர். ஆனா எல்லாத்தயும் நான் ஒருத்தியே தூக்க ஏலாது. மத்த பிரிபெக்ட்மாருக்கும் பிரிச்சுக் குடுங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். "நானும்தான் எதுக்கெடுத்தாலும் ஒன் பேரச் சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றார். அன்றைக்கே வேலைகளைப் பிரித்துக் கொடுத்தார்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் பேசும் முறை மாணவத் தலைவிக்கு வந்தது. ஜொய்சி ஒலிவாங்கியின் முன்னால் நின்றாள்.

"ஹட்டன்ல நான் வெளையாட்டுக்கு நடுவுல உக்காந்துட்டேன். எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பேய் புடிக்கல. இதயத்துலயும் ஒண்ணுமில்ல. பயமும் களைப்பும் சேந்து மூச்ச அடைச்சிருச்சு. அதுக்கு முன்னாலயே எனக்குத் தூக்கம் வரல, சாப்பிட முடியல. யார்கிட்டயும் சொல்லல. சொல்லியிருக்கணும். ஒங்கள்ல யாருக்காவது அப்படி இருந்தா, வந்து சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன்."

கடைசி வார்த்தைக்குச் சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். வாசலில் பிந்தி வந்து அவளிடம் திட்டு வாங்காதவர்கள் அங்கே குறைவு.

முதலில் வந்தவன் நிரோஷன். பாடசாலைக் கிரிக்கெட் அணியின் வேகப்பந்து வீச்சாளன், கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். இடைவேளையில் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து வந்து நின்றான். அவனுடைய அம்மா குவைத்துக்கு வேலைக்குப் போயிருந்தாள். "பந்து போட ஓடி வாறப்ப ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போறப்பதான் நெஞ்சு அடைக்குது" என்றான். ஜொய்சி ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள். "உக்காரு" என்றாள். மணி அடிக்கும்வரை இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். எழும்போது அவன், "நாளைக்கும் இங்கதான் இருப்பியா?" என்று கேட்டான்.

படிக்கட்டு எல்லோரும் நடக்கிற வழி. அதனால் விளையாட்டுச் சாமான்கள் வைக்கிற அறையில் பாதியை ஒதுக்கித் தரும்படி அதிபரிடம் கேட்டாள் ஜொய்சி. உடைந்த தடையோட்டச் சட்டங்களையும் காற்றுப் போன பந்துகளையும் ஒரு மூலையில் அடுக்கி, உட்கார இரண்டு நீள வாங்குகள் போட்டார்கள். மாணவத் தலைவர்கள் முறைவைத்து அங்கே இருந்தார்கள். ஏன் வந்தாய் என்று கேட்கக் கூடாது, அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. பெரிய விஷயமாக இருந்தால் மட்டும், வந்த பிள்ளையிடம் சொல்லிவிட்டு, ஆலோசனை டீச்சர் ஷிராணியிடம் கூட்டிப்போக வேண்டும். சிலர் பேசினார்கள். சிலர் வந்து தூங்கினார்கள். வயிற்றுவலி நாட்களில் பெண்பிள்ளைகளுக்கு ஒதுங்க ஓர் இடம் கிடைத்தது.

பந்துகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால், அணியில் இடம் கிடைக்காத பிள்ளைகள் அவற்றை எடுத்து உருட்ட ஆரம்பித்தார்கள். தனுஜா அதைப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் மைதானத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டாள். தெரிவு இல்லை, தரம் பார்ப்பதில்லை, வந்தவர்கள் விளையாடலாம். ஓடத் தெரியாதவர்களும் ஓடினார்கள். கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு விளையாடிய ஒருத்தி எதிரணிக்கே பந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளைப்போல அந்த மைதானத்தில் யாரும் சந்தோஷமாக இருந்ததில்லை.

அந்த வருட முடிவில் ராகலையில் ஓர் அழைப்புப் போட்டி வந்தது. ஜொய்சி திரும்ப அணியில் சேர்ந்திருந்தாள், பின்வரிசையில், சாதாரண ஆட்டக்காரியாக. வீட்டில் சொன்னபோது சுகிர்தம் போட்டி எந்த நாளில் என்று கேட்டாள். போட்டியன்று காலையில் வேலைக்குப் போகாமல், கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். மகள் விளையாடி அவள் பார்த்ததே இல்லை.

மைதானத்தில் பனிமூட்டம் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாவது கால்பகுதியில் ஜொய்சியின் விரல்கள் மறுபடியும் மரக்க ஆரம்பித்தன. இந்த முறை அவளுக்கு அது என்னவென்று தெரியும். இடைவேளை வரை தாக்குப்பிடித்து, தனுஜாவிடம், "எனக்கு வருது. கொஞ்சம் வெளிய இருக்கேன்" என்றாள்.

"சரி" என்றாள் தனுஜா. வேறொருத்தியைக் கையசைத்து உள்ளே அழைத்தாள். அவ்வளவுதான்.

ஜொய்சி கோட்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்தாள். சுகிர்தம் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜெபம் சொல்லவில்லை, கண்பட்டது என்று சொல்லவில்லை. மகளுடைய கைகளை எடுத்துத் தன் இரு கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள். கொழுந்துக் காம்பு வெட்டி வெட்டிக் காய்த்துப்போன உள்ளங்கைகள் அவை. சூடு மெல்ல ஏறியது. மூச்சு தன் பாட்டில் வழிக்கு வந்தது.

"அம்மா, நான் திரும்பப் போகட்டா?"

சுகிர்தம் மைதானத்தைப் பார்த்தாள். "போ. அந்த ஒசந்த புள்ளய விட்டுறாத. அவதான் எல்லாப் பந்தையும் போடுறா."

நடுவர் நிறுத்திய அடுத்த தருணத்தில் ஜொய்சி உள்ளே போனாள். ஆட்டம் முடியும்வரை அந்த உயரமான பிள்ளையை விட்டு நகரவில்லை. அந்த ஆட்டத்தில் ஜெயித்தார்கள். அடுத்ததில் நன்றாகவே தோற்றார்கள். பஸ்ஸில் பாட்டும் தாளமுமாக வந்தார்கள். சுகிர்தம்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினாள்.

ஜொய்சி இப்போது உடற்கல்வி ஆசிரியையாகப் பயிற்சி பெறுகிறாள். மூச்சடைப்பு அவளுக்கு முழுதாகப் போய்விடவில்லை. எப்போதாவது வரும், வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு உட்காருவாள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால், தோட்டத்துப் பெண்கள் பின்னேரங்களில், காலையில் பேர் எடுக்கும் பெரட்டுக் களத்தில், வலைப்பந்து விளையாட அவளுக்காகக் காத்திருக்கிறார்கள். போன பௌர்ணமிப் போயா விடுமுறையன்று சுகிர்தம் மகளுடைய பழைய ட்ரக்சூட்டை மாட்டிக்கொண்டு, கூந்தலை இறுக்கி முடிந்துகொண்டு வலைக் கம்பத்தடியில் போய் நின்றாள்.

"என்னா பாத்துக்கிட்டே நிக்கிற?" என்று மகளை அதட்டினாள். "பந்தப் போடு."