இது மசக்கை இல்லை

என் வலது சினைப்பையில் ஒரு நீர்க்கட்டி இருப்பது ஒன்றரை மாதம் வரைக்கும் நான்கு பேருக்குத்தான் தெரியும்: எனக்கு, அம்மாவுக்கு, வீட்டுக்காரருக்கு, டாக்டருக்கு. அதன் பிறகு ஒரு கல்யாண மண்டபத்துக்கே தெரிந்துபோனது. அதற்கு நானேதான் காரணம்.

முதலில் வலி. வலது அடிவயிற்றில், இடுப்பெலும்புக்கு உள்பக்கமாக, யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல இருக்கும். மாதவிலக்குக்கு முன்னால் வரும், பின்னாலும் வரும், மூலக்குளத்திலிருந்து டவுனுக்கு ஸ்கூட்டியில் போகும்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் தவறாமல் வரும். "கேஸ்" என்றார் வீட்டுக்காரர். அவருக்கு உலகத்தில் எல்லா வலியும் கேஸ்தான். காலில் ஆணி குத்தினாலும் சீரக சோடா வாங்கி வருகிற மனுஷன். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீசில் குடல்வால் என்றார்கள். வைத்திக்குப்பத்தில் மீன் விற்கிற அம்மா, உடம்புச் சூடு என்று சொல்லி உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்துத் தேய்த்தாள். எண்ணெய் வழிய வழிய ஆபீசுக்குப் போன அன்றைக்கு எனக்குப் பொறுமை போய்விட்டது. மறுநாளே லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் போனேன்.

ஸ்கேன் பார்க்க வேண்டும், மூத்திரப்பை நிறைய வேண்டும், தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள் என்றார்கள். அங்கே ஏற்கெனவே ஏழெட்டுப் பெண்கள் தண்ணீர் குடித்துவிட்டு, காலோடு காலை ஒட்டிக்கொண்டு, நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரிடமும் பேசவில்லை. பேசினால் ஆபத்து. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு அம்மாள் எழுந்து கவுண்டரில் இருந்த பெண்ணிடம் போய், "என் பேரைக் கூப்புடுறியா, இல்ல தரைய தொடைக்கத் துணி எடுத்தாறியா?" என்று கேட்டார். அவ்வளவுதான். ஒருத்தி 'க்ளுக்' என்றாள், அதைக் கேட்டு அடுத்தவள், அப்புறம் மொத்த வரிசையும். இரண்டு பேர் கழிப்பறைக்கு ஓடினார்கள். அவர்கள் திரும்பி வந்து முதல் பாட்டிலிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. நான் பல்லைக் கடித்துத் தப்பித்தேன்.

டாக்டரம்மாவே ஸ்கேன் பார்த்தார். மீனை விற்று முடித்துவிட்டு நேராக அங்கே வந்திருந்த அம்மா, என் தலைமாட்டில் நின்று திரையை எட்டிப் பார்த்தாள். கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"இது சினைதானே டாக்டரம்மா? மடவைக்கு ரெண்டு மடலா இருக்குமே, அதாட்டம். மீன் ஆயும்போது பாத்துருக்கேன். ஒரொரு மீனுக்கு ஒரு பக்கம் மட்டும் தண்ணி கோத்துக்கினு உப்பிப் போயிருக்கும்."

டாக்டருக்கு ஒரே சந்தோஷம். "அதேதாம்மா. வலது பக்கம் ஆறு சென்டிமீட்டர் இருக்கு" என்றார். பிளஸ் டூவில் பயாலஜி படித்து நான் மறந்ததையெல்லாம் அம்மா அரிவாள்மனையில் படித்து மறக்காமல் வைத்திருந்தாள்.

மாதாமாதம் சினைப்பையில் முட்டைக்காக ஒரு சின்ன நீர்ப்பை வளரும், அது உடைந்து முட்டை வெளியே வரும், சில மாதம் உடையாமல் அப்படியே நின்று நீர் சேர்ந்து பெருத்துவிடும் என்று டாக்டர் சொன்னார். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானே சுருங்கிவிடுமாம். பெருத்தது பக்கத்தில் இருப்பதை அழுத்தும், இழுக்கும், அதுதான் என் கட்டைவிரல் வலி. எட்டு வாரம் கழித்துத் திரும்ப ஸ்கேன் பார்க்கலாம் என்றவர், பேனாவை மூடிவிட்டு, குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு சொன்னார்: "கட்டியோட கனத்துல சினைப்பை அப்படியே திருகிக்கலாம். திடீர்னு தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி வந்துச்சுன்னா வீட்டுல உக்காந்து யோசிக்காதீங்க. ஓடி வந்துடுங்க. ரத்த ஓட்டம் நின்னு நேரமாயிட்டா அந்தச் சினைப்பையையே எடுக்க வேண்டியதாயிடும்."

எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். குழந்தை இல்லை. சினைப்பை இருப்பதே இரண்டு, அதில் ஒன்றை இழக்க நான் தயாராக இல்லை. பயந்துதான் போனேன். வெளியே வந்ததும் அம்மா சொன்னது இதுதான்: "யார்கிட்டயும் மூச்சு உடாத. கட்டின்னா ஒண்ணுக்கு ஒம்போதா பேசுவாங்க." நானும் பெரிய புத்திசாலி மாதிரித் தலையாட்டினேன்.

ஆறாவது வாரம், தவளக்குப்பத்தில் என் நாத்தனார் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. நாத்தனார் என் வீட்டுக்காரரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஜங்ஷனிலேயே பேனர் வைத்திருந்தார்கள். அதில் பெண் மயில் பக்கத்தில் நின்றாள், ஊஞ்சலில் ஆடினாள், பறந்தாள்கூட. சொந்தக்காரர்கள் முப்பது பேர் ஓரத்தில் வட்ட வட்டமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், நானும் ஒரு வட்டத்தில். ஒரு வீட்டில் சினைப்பை வேலை செய்ய ஆரம்பித்தால் அதற்கு ரோட்டில் பேனர். அதே சினைப்பைக்கு ஒரு கஷ்டம் வந்தால் பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியக் கூடாது. பேனரைப் பார்த்ததும் இது தோன்றிச் சிரித்துவிட்டேன். என்ன சிரிப்பு என்று வீட்டுக்காரர் கேட்டார், ஒன்றுமில்லை என்றேன்.

தாய்மாமன் சீர்த்தட்டுகளை முப்பத்தொன்றாக எண்ணி மேடையில் வைத்தோம். டிரம்ஸ் அடிக்க ஆரம்பித்தார்கள். அண்ணி வந்து கையைப் பிடித்து இழுத்தார், ஆடினேன். நன்றாகவே ஆடினேன், சும்மா சொல்லக் கூடாது. ஒரு சுற்று சுற்றித் திரும்பியபோது உள்ளே ஏதோ பிடுங்கிக்கொண்டது. கட்டைவிரல் இல்லை இது, கத்தி. கண்ணுக்கு முன்னால் மண்டபத்து விளக்கெல்லாம் மஞ்சளாகப் போய், கை கழுவுகிற இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியவில்லை. குடித்த ஜூஸ், தின்ற கேசரி எல்லாம் வெளியே வந்தது.

நிமிர்ந்தால் அண்ணி நிற்கிறார். என்னைப் பார்த்தார், குழாயடியைப் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"நாள் தள்ளிப் போயிருக்கா? சொல்லவே இல்ல பாரு, கள்ளி."

இல்லை அண்ணி என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயில் யாரோ ஒரு பிடி சர்க்கரையைப் போட்டார்கள். அதற்குள் பத்துப் பெண்கள் சூழ்ந்துவிட்டார்கள். ஒருத்தர் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார், ஒருத்தர் எத்தனை மாதம் என்றார், இன்னொருத்தர் நான் குனிந்திருக்கிற விதத்தைப் பார்த்து ஆம்பளைப் பிள்ளைதான் என்றே முடிவு செய்துவிட்டார். மேடையில் மைக் பிடித்திருந்தவர், "தாய்மாமன் ஊட்டுல டபுள் சந்தோஷம்" என்று அறிவித்தார். அங்கே பட்டு வேட்டியில் நின்றிருந்த என் வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும். ஸ்கேன் ரிப்போர்ட்டை பைலில் போட்டு வைத்தவரே அவர்தான். அவரும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்.

நான் அம்மாவைத் தேடினேன். கூட்டத்துக்குப் பின்னால் இருந்தாள். யாரோ அவள் கையைப் பிடித்துக் குலுக்க, அவளும் சிரித்தாள். மூன்று வருஷமாக மீன் வாங்க வருகிறவர்கள்கூட அவளிடம் கேட்டுவிட்டுப் போகிற கேள்விக்கு இன்றைக்குத்தான் பதில் கிடைத்த மாதிரி ஒரு சிரிப்பு. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடி எனக்கு வலியைவிடப் பயமாக இருந்தது, ஏனென்றால் அந்த மண்டபத்தில் எல்லோரும் என்னைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தரும் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகப் போவதில்லை.

மைக் பிடித்திருந்தவர் கீழே இறங்கி வந்து என் வாய்க்கு நேராக அதை நீட்டினார். "ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

சொன்னேன். "எனக்கு வயித்துல புள்ள இல்ல. சினைப்பையில கட்டி. அது திருகிக்கிச்சு. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போங்க, இல்லன்னா எடுத்துடுவாங்க." சர்க்கரை வாயோடு சொன்னாலும் தெளிவாகத்தான் சொன்னேன். வாசலில் கட்டியிருந்த ஸ்பீக்கர் வழியாக அது கடலூர் ரோட்டுக்கே கேட்டதாம்; வெளியே நின்ற ஆட்டோக்காரர் யாரும் கூப்பிடாமலேயே வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

ஆட்டோவில் அம்மா என் தலையை மடியில் போட்டுக்கொண்டாள். வழிவிடாத ஒவ்வொரு பஸ்ஸையும் மீன் விற்கிற குரலில், பஸ்ஸின் பரம்பரை வரைக்கும் இழுத்துத் திட்டினாள். திட்டுக்கும் திட்டுக்கும் நடுவில், "நான்தான் சொல்லாதன்னேன், நான்தான் சொல்லாதன்னேன்" என்று அழுதாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, சிரித்தால் கத்தி இறங்கியது, சிரிக்க வைக்காதே என்று கெஞ்சினேன். என்னத்தையடி சிரிக்கிறாய் என்று அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

கண் விழித்தபோது வயிற்றில் மூன்று சின்னத் தையல்கள். நாக்கு எழும்பவில்லை. டாக்டரைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினேன்.

"ரெண்டும் இருக்கு" என்றார். "ரெண்டு சுத்து திருகியிருந்துச்சு, நீலமாப் போயிடுச்சு. பிரிச்சு விட்டதும் நிறம் திரும்ப ஆரம்பிச்சுது. கட்டிய மட்டும் எடுத்துட்டோம். இன்னும் நேரம் ஆகியிருந்தா சொல்ல முடியாது." நான் வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் காலையில் அண்ணி வந்தார். கையில் விழாவின் மருதாணி இன்னும் சிவப்பாக இருந்தது. சர்க்கரைக்காகக் கோபித்துக்கொள்ளாதே என்று சொல்வார் என நினைத்தேன். அவரோ என் வீட்டுக்காரரை டீ வாங்கி வர அனுப்பினார், அவர் படி இறங்கும் சத்தம் கேட்கும் வரை காத்திருந்தார், அப்புறம் என் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"உனக்கு எந்த எடத்துல வலிச்சுது?"

காட்டினேன். என் கையை எடுத்துத் தன் புடவைக் கொசுவத்துக்குப் பக்கத்தில், இடது அடிவயிற்றில் வைத்தார்.

"எனக்கு இங்க. ரெண்டு வருசமா."

"ஏன் அண்ணி யார்கிட்டயும் சொல்லல?"

"வயசுக்கு வரப் போற பொண்ண வெச்சிக்கினு, இத போயி யார்கிட்ட சொல்றது?" என்றார். "உன்னாட்டம் மைக்ல கத்த எனக்கு வருமா?"

கதவு திறந்தது. டாக்டர் உள்ளே வந்து என் பைலைப் புரட்டியபடி, "வலி எப்படி இருக்கு?" என்று கேட்டார். அண்ணி சட்டென்று எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டார். நான் அவர் கையை விடவில்லை.

"எனக்குப் பரவால்ல டாக்டர்" என்றேன். "இவங்களுக்குத்தான் வலி."