தண்டவாள ஓரத்துப் பலகை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அமெரிக்காவில், டகோட்டாவில் ரயில்பாதை போட வந்த குடும்பம் எங்களுடையது. வயிற்றுப்பாட்டைப் பார்க்கவே நேரம் போதாது. கதை கட்ட எங்கே போவேன்?

அந்தக் குளிர்காலத்தில் பனி பாதையை மூடிவிட்டது. நிலக்கரி வண்டி வரவில்லை. என் வீட்டுக்காரர் தோர்கெல் மேட்டுப்பக்கம் பனி வெட்டப் போயிருந்தார். வீடென்றால், சக்கரம் கழற்றிய பழைய சரக்குப் பெட்டி. உள்ளே நானும் கைக்குழந்தை ஐவின்டும் மட்டும்.

புயல் தொடங்கிய மூன்றாம் நாள் மதியம், அடுப்பு அணைந்தது. நாற்காலியை முன்பே எரித்தாயிற்று. பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது. வெளியே ஓடினேன். தண்டவாள ஓரம் பனி அப்பிய ஒரு பலகை பனிக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது. பனித்தடுப்பு வேலியில் மிஞ்சியது என்று நினைத்துப் பிடுங்கி வந்தேன்.

பலகை நன்றாகத்தான் எரிந்தது. ஆனால் வீடு சூடாகவே இல்லை.

தட்... தட்...

"யாரது?"

"குளிருது தாயி... உள்ள விடு."

அயர்லாந்துக்காரன் பேச்சு. எங்கள் பக்கம் அயர்லாந்துக்காரர் யாரும் இல்லை.

"விட முடியாது. போயிரு."

"எம் பேரு எரியுதே... உள்ள ஆம்பள யாரு இருக்கா?"

தனியாக இருக்கிறேன் என்று எந்தப் பெண் சொல்வாள்?

"என் வீட்டுக்காரர் தோர்கெல் இருக்காரு. துப்பாக்கியோட."

"தோர்கெல்..." மெல்லச் சொல்லிப் பார்த்தான். "நல்ல பேரு. எடுத்துக்கறேன்."

அப்புறம் சத்தமில்லை.

அடுப்பு சூடு கொடுத்தது. பிள்ளை பால் குடித்தான்.

மறுநாள் தோர்கெல் வந்தார். புயல் ஓயவில்லை. அவர் கோட்டிலோ துளிப் பனி இல்லை. நான் அதையா பார்த்தேன்? கட்டிக்கொண்டு அழுதேன்.

"எப்படி வந்தீங்க?"

"நடந்துதான்."

அதிகம் பேச மாட்டார். அடுப்புப் பக்கமே போக மாட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்... சற்றுத் தாமதமாகத் திரும்புவார். குளிரில் மரத்துப்போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பனி உருகும்வரை வேறு ஒருவரும் எங்கள் பக்கம் வரவில்லை.

நாலு மாதம் கழித்து, வசந்தத்தில் மேஸ்திரி ஹால்வர் வந்தார். தொப்பியைக் கழற்றினார்.

"ஒடம்பு கெடச்சிருச்சும்மா. புயல் வந்த மூணாம் நாள் மதியம் பனி சரிஞ்சு அமுக்கிருச்சு."

"யாரை?"

"தோர்கெல."

காலையில்கூட தோர்கெல் உள்ளேதான் இருந்தார். வீட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

"அந்த அயர்லாந்துக்காரன் பக்கத்துலயே பொதைச்சிரலாம்மா. நீங்க வர்றதுக்கு முன்ன, பாதை போடும்போது செத்தவன். இங்கதான் பேரு எழுதிப் பலகை நட்டோம்... காணோமே?"

உள்ளே தொட்டில் ஆடும் சத்தம். ஓடினேன்.

ஐவின்ட் தூங்கிக்கொண்டிருந்தான். வேறு யாரும் இல்லை. தொட்டில் மட்டும் ஆடியது.

நான் அப்போது மூன்று மாதமாக முழுகாமல் இருந்தேன்.